பரீட்சை முடிந்தது, முடிவு இன்னும் வரவில்லை: இந்த இடைவெளியில் செமஸ்டரை எப்படித் திரும்பிப் பார்க்கிறீர்கள்?

உட்லண்ட்ஸ்_வாசி (கேள்வி)

முதல் வருடம், முதல் செமஸ்டர். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை, சிங்கப்பூர்த் தீவின் மேற்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பரீட்சை வெள்ளிக்கிழமை மாலை முடிந்தது. இன்றைக்குத் திங்கள். மூன்று நாளாக என்ன செய்தாய் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. தூங்குகிறேன், எழுந்து சாப்பிடுகிறேன், ஜன்னல் ஓரம் நின்று டிசம்பர் மழையைப் பார்க்கிறேன், திரும்பவும் தூங்குகிறேன். கல்யாணம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போன மண்டபம் மாதிரி இருக்கிறது தலைக்குள்.

அம்மா தினமும் ஒரு தடவை, "பரீட்சை எப்படிம்மா பண்ணியிருக்கே?" என்று கேட்கிறார். "பரவாயில்லம்மா" என்கிறேன். எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. பல்கலைக்கழகத்துக்கு முன்னால் படித்த தொடக்கக் கல்லூரியில் எழுதிய தாள் திரும்பி வரும், சிவப்பு மையில் எங்கே சறுக்கினேன் என்று பார்க்கலாம், ஆசிரியர் வகுப்பில் வைத்துத் திட்டவும் செய்வார். இங்கே இறுதித் தாள் உள்ளே போனால் போனதுதான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் எழுத்து ஒன்று மட்டும் திரையில் வரும். பி, சி, என்னவோ. 13 வாரம் செய்ததெல்லாம் அந்த ஒரு எழுத்துக்குள் போய்விடும்.

ஐந்து பாடம் எடுத்தேன். வேதியியல், கல்குலஸ், புள்ளியியல், நிரலாக்கம் (பைத்தான்), அப்புறம் ஒரு கட்டுரை எழுதும் பாடம். ரீசெஸ் வாரம் (செமஸ்டர் நடுவில் வரும் விடுமுறை) வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது, அல்லது போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு வந்த இடைத்தேர்வில் புள்ளியியலில் 30-க்கு 11. வகுப்பின் சராசரி 19. அன்றைக்கு ரயிலில் வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை. ஆசிரியருக்கு வாரம் ஒரு மணி நேரம் சந்திப்பு நேரம் இருந்தது, ஒரு தடவைகூடப் போகவில்லை. போய் என்ன கேட்பது? "எல்லாமே புரியவில்லை" என்பது ஒரு கேள்வியா?

தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை, சரியாகப் பத்தாவது வாரம். மறுநாள் இரவு 11:59-க்கு ஒரு குழு வேலை கொடுக்க வேண்டும். அம்மாவும் சித்தியும் சமையலறையில் பேசிச் சிரிக்கிறார்கள், நான் புதுத் துணி கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, மதியம் மூன்று மணிக்கு ஸூமில் நாலு பேருக்காகக் காத்திருக்கிறேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அந்த வாரத்துக்கு அப்புறம் குழுச் செய்திக்குப் பதில் போடுவதையே நிறுத்திவிட்டார். அவர் பங்கையும் நானே எழுதினேன். இப்போது யோசித்தால் கோபத்தைவிட எரிச்சல்தான் அதிகம், ஏன் அப்போதே ஆசிரியரிடம் சொல்லவில்லை என்று.

லெக்சர் எல்லாம் பதிவாக இருக்கிறதே, அப்புறம் பார்க்கலாம் என்று கல்குலஸில் ஒன்பது லெக்சர் சேர்த்துவைத்து, பரீட்சைக்கு முந்தைய ரீடிங் வாரத்தில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், எல்லாமே புரிந்தது.

இன்னொரு கணக்கும் போட்டேன். வீட்டிலிருந்து வளாகத்துக்கு ரயிலும் பேருந்துமாக ஒன்றேகால் மணி நேரம். போக வர இரண்டரை. வாரம் நாலு நாள், 13 வாரம். மொத்தம் 130 மணி நேரம். ஐந்து நாளுக்கு மேல் நான் ரயிலிலும் பேருந்திலும் இருந்திருக்கிறேன்!

கேள்விக்கு வருகிறேன். முடிவு வந்துவிட்டால் அந்த எழுத்துகளை வைத்துத்தான் எல்லாவற்றையும் பார்ப்பேன் என்று தெரியும். நல்ல எழுத்து வந்தால் நன்றாகப் படித்தேன், மோசமாக வந்தால் எல்லாமே வீண். அதற்கு முன்னால் இந்த செமஸ்டரை நேர்மையாகப் பார்க்க வழி இருக்கிறதா? நீங்கள் யாராவது செய்ததுண்டா? இல்லை, இதெல்லாம் வேண்டாத வேலை, போய் ஏதாவது வேலை தேடு என்கிறீர்களா?

கோப்பி_சி

முதலில் தூங்கு. அப்புறம் தேக்காவுக்குப் போய் ஒரு பிரியாணி. மூன்றாவதாக வேண்டுமானால் திரும்பிப் பார். வரிசை முக்கியம்.

நாலாம்_வருஷம்

உங்கள் 130 மணி நேரத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன், மன்னிக்கவும். தேசியப் பல்கலைக்கழகக் கணக்கில் 1 யூனிட் என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு, லெக்சர், டியூட்டோரியல், சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து. சாதாரணமாக ஒரு மாட்யூலுக்கு, அதாவது ஒரு பாடத்துக்கு, 4 யூனிட், ஆகவே வாரம் 10 மணி. 13 வாரத்துக்கு எவ்வளவு? 130. ஆக நீங்கள் ஐந்து மாட்யூல் எடுக்கவில்லை, ஆறு எடுத்திருக்கிறீர்கள். ஆறாவதற்குப் பெயர் வடக்கு–தெற்கு ரயில் பாதை.

கிண்டல் போதும். உங்கள் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது, எஸ்யூ: ஒரு பாடத்தின் எழுத்தைச் சராசரியில் சேராமல் மறைக்கும் வாய்ப்பு. முதல் வருடத்தில் இருக்கிறீர்கள், அது கையில் இருக்கும். முடிவு வந்த பிறகு சில நாள்தான் அவகாசம் கொடுப்பார்கள், அந்த நாள்களில் எல்லாரும் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி அலைவார்கள். விஷயம் எளிது. ஏ என்றால் 5, ஏ மைனஸ் 4.5, பி பிளஸ் 4, பி 3.5, அப்படியே அரை அரையாக இறங்கும். ஒரு பாடத்துக்கு எஸ் (தேர்ச்சி என்று மட்டும்) போட்டுவிட்டால் யூனிட் கிடைக்கும், அந்த எழுத்து ஜிபிஏவில், அதாவது மொத்தச் சராசரியில், சேராது. ஆனால் எந்த எழுத்துக்கு எஸ் கிடைக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். தேசியப் பல்கலைக்கழகத்தில் சி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் எஸ். அதற்குக் கீழே என்றால் யூ (தேறவில்லை), யூனிட்டும் கிடையாது. உங்கள் இடத்து விதியை இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குப் படிக்காதீர்கள், அன்றைக்குக் கண்ணில் எதுவும் ஏறாது.

தேசியப் பல்கலைக்கழகம் 2014-இல் முதல் செமஸ்டரை இப்படி மாற்றியதே புதிதாக வரும் பிள்ளைகள் மதிப்பெண் பயமில்லாமல் பழகட்டும் என்றுதான். நடந்தது என்ன? நம்ம ஆட்கள் கியாசு (எதிலும் பின்தங்கிவிடுவோமோ என்று பதறுகிறவர்கள்) ஆயிற்றே, அதையும் ஒரு விளையாட்டாக மாற்றி, எதற்குப் போடலாம், எதை மிச்சம் வைக்கலாம் என்று தாளில் படம் போட்டுத் திட்டம் தீட்டுகிறார்கள். நானும் தீட்டினேன். என் முதல் செமஸ்டரில் ஒரு கணக்குப் பாடத்தை எஸ் போட்டு மறைத்தேன். இரண்டாம் வருடத்தில் அதே கணக்கு வேறு பெயரில் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் ஆகஸ்ட் மாதம் முழுக்க முதல் வருடப் புத்தகத்தை ஒளித்து ஒளித்துப் படித்தேன், பக்கத்தில் யாராவது வந்தால் மூடிவிடுவேன்.

அதனால் என் பதில்: முடிவு வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் உங்கள் கணிப்பை எழுதி வையுங்கள். எந்த எழுத்து வரும், ஏன் அப்படி நினைக்கிறீர்கள், ஒரே ஒரு வரி. முடிவு வந்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணிப்பும் முடிவும் ஒத்துப்போன பாடத்தில் உங்களுக்கு உங்களைத் தெரிந்திருக்கிறது. ஒத்துப்போகாத பாடத்தில்தான் வேலை இருக்கிறது, எழுத்து நல்லதாகவே வந்திருந்தாலும்.

தஞ்சை_ஜூரோங்

நான் எதிர்க்கட்சி.

ஊரில் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு. ஜூரோங் பக்கம் பொறியியல் படிக்க வந்தேன். இங்கே முதல் செமஸ்டரில் அதே கணக்கில் சி. பெல் கர்வ் என்று ஒன்று இருக்கிறது, நீ எவ்வளவு வாங்கினாய் என்பதைவிடப் பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு வாங்கினான் என்பதும் முக்கியம் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நம்ம ஊரில் நூறு என்றால் நூறு. இங்கே வகுப்பில் பாதிப் பேர் எங்கெங்கோ நூறு வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த டிசம்பரில் நானும் இதே மாதிரி திரும்பிப் பார்த்தேன். நாலு பக்கம். கைப்பட எழுதினேன். எங்கே தவறினேன், என்ன குணம் சரியில்லை, எத்தனை மணி நேரம் போனில் வீணடித்தேன், அப்பா கட்டும் பணம் எவ்வளவு, கல்விக் கட்டண மானியம் வாங்கியதற்குப் படித்து முடித்த பின் மூன்று வருடம் இங்கேயே வேலை செய்தாக வேண்டும், இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு யார் வேலை தருவார்கள், இப்படியே போய்க்கொண்டே இருந்தது. எழுதி முடித்தபோது இரவு மூன்று மணி. ஜனவரியில் வகுப்பு தொடங்கியபோது அந்த நாலு பக்கமும் முதுகில் மூட்டை மாதிரி கூடவே வந்தது. டியூட்டோரியலில் கை தூக்கவே பயம். தனக்குத் தானே குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டவன் எப்படிக் கை தூக்குவான்?

இரண்டாம் செமஸ்டர் முடிந்ததும் ஒன்றும் எழுதவில்லை. பரீட்சை முடிந்த இரவே சாங்கியில் திருச்சி விமானம். ஊருக்குப் போய் ஒரு வாரம் கொல்லையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். அம்மா போட்டதைச் சாப்பிட்டேன். யாராவது படிப்பைப் பற்றிக் கேட்டால் "நல்லா போவுது" என்று சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் போய்விடுவேன். திரும்பி வந்தபோது தலை தெளிவாக இருந்தது, என்ன செய்ய வேண்டும் என்று தானாகவே தெரிந்தது. எனக்கு உதவியது தூரம்தான், எழுதிப் பார்த்தது இல்லை.

உங்களுக்கு வீடு இங்கேயே. உட்லண்ட்ஸிலிருந்து எங்கே தூரம் போவீர்கள், காஸ்வே பாலம் தாண்டி மலேசியாவில் ஜோகூர் போனாலும் வரிசையில் நிற்க வேண்டும். சரி, எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் கிழித்துப் போடுங்கள்.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. "எல்லாமே புரியவில்லை என்பது ஒரு கேள்வியா" என்று கேட்டீர்கள். கேள்விதான். நான் மூன்றாவது செமஸ்டரில் ஆசிரியர் அறைக்குப் போய் அதையேதான் சொன்னேன். அவர் "சரி, கடைசியாக எந்த வாரம் புரிந்தது?" என்று கேட்டார். நாலாவது வாரம் என்றேன். அங்கேயிருந்து ஆரம்பித்தோம்.

உட்லண்ட்ஸ்_வாசி

இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. தஞ்சை அண்ணா, எனக்கும் நாலாவது வாரம்தான். புள்ளியியலில் நிகழ்தகவு வரைக்கும் புரிந்தது, அதற்கப்புறம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். எங்களுக்கு வேதியியல் பரீட்சைக்கு ஒரு ஏ4 தாள் எடுத்துப்போகலாம், இரண்டு பக்கமும் கைப்பட எழுதியது. சீட்ஷீட் என்போமே, அது. 0.3 பேனாவில் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து, தம்பி பூதக்கண்ணாடி கொண்டுவந்து கிண்டல் செய்தான். பரீட்சையில் அதைத் திருப்பிப் பார்த்தது இரண்டே தடவை. எழுதியது எல்லாம் தலையிலேயே இருந்தது. ஆனால் இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்த கல்குலஸ், பார்க்கும்போது அவ்வளவு தெளிவாக இருந்தது, தாளுக்கு முன்னால் உட்கார்ந்ததும் பாதி ஆவியாகிவிட்டது. ஆனாலும் கல்குலஸ்தான் நன்றாக எழுதியிருப்பதாகத் தோன்றுகிறது, ஏன் என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நான் செலவழித்த நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்புறம் வேதியியலில் பஃபர் (அமிலமும் அதன் உப்பும் கலந்த கரைசல்) கணக்கு ஒன்று. அந்த ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாட்டில் அமிலத்தை மேலே போட்டேனா கீழே போட்டேனா என்று பேருந்தில் ஏறிய பிறகுதான் சந்தேகம் வந்தது. அதற்கு மட்டும் தாளைப் பார்க்கவில்லை, தெரியும் என்று நினைத்துவிட்டேன். அது இன்னும் மண்டையைக் குடைகிறது.

சிவப்புப்_பேனா

நான் முனைவர் பட்ட மாணவன், பாடம் எடுக்க உதவியும் செய்கிறேன், தாளும் திருத்துகிறேன். உங்கள் பல்கலைக்கழகமா என்று கேட்காதீர்கள். இந்த வாரம் என் மேசையில் ஒரு கட்டு இருக்கிறது, இதை எழுதுவது அதிலிருந்து தப்பிக்கத்தான்.

முதலில் பஃபர். சமன்பாட்டில் உப்பு (இங்கே அதுதான் காரம்) மேலே, அமிலம் கீழே. அசிட்டிக் அமிலத்துக்கு பிகேஏ (அமிலத்தின் வலிமையைச் சொல்லும் எண்) 4.76. அசிடேட் பத்துப் பங்கு, அமிலம் ஒரு பங்கு இருக்கிறது என்றால் பத்தின் லாக் 1, பிஎச் 5.76. தலைகீழாகப் போட்டால் 3.76 வரும். சமன்பாட்டை மறந்தாலும் பரவாயில்லை, காரம் அதிகமாக இருக்கும் கலவைக்குப் பிஎச் பிகேஏவைவிட மேலே போக வேண்டுமா கீழே போக வேண்டுமா என்று ஒரு நொடி யோசித்தால் போதும், பிழை தானாகக் கண்ணில் பட்டுவிடும். திருத்தும்போது நான் தேடுவது அதைத்தான். 3.76 என்று எழுதிவிட்டு, பக்கத்தில் "இது சரியாகப் படவில்லை, காரம் அதிகம் இருக்கும்போது உயர வேண்டும், நேரம் இல்லை" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் நான் மனம் இளகிவிடுவேன், கையில் இருக்கும் மதிப்பெண் திட்டம் அனுமதிக்கும் அளவுக்கு. ஒன்றுமே எழுதாமல் விட்ட வெற்றிடத்துக்கு நான் எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொரு செமஸ்டரும் என்னை அதிகம் வருத்துவது தவறான விடை இல்லை, அந்த வெற்றிடம்தான். (அ) பகுதி தெரியவில்லை என்றால் (ஆ), (இ) இரண்டையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். (அ)வுக்கு ஒரு எண்ணைச் சும்மா வைத்துக்கொண்டு மேலே போயிருக்கலாம்.

இப்போது உங்கள் சீட்ஷீட். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்று இரண்டு பேர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தி படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதையே திரும்பத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பகுதியினர் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் கதை மாறிவிட்டது, எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், திரும்பப் படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பினார்கள்.

இரண்டு மடங்கு வேகத்தில் ஒன்பது லெக்சர் பார்த்துவிட்டு "எல்லாமே புரிந்தது" என்றீர்களே, அது இதுதான். ஆசிரியர் போடுவதைப் பார்க்கும்போது புரிந்தது அவருடைய கணக்கு. சீட்ஷீட் எழுதும்போது எதை வைப்பது, எதை விடுவது, எங்கே சுருக்குவது என்று ஒவ்வொரு வரிக்கும் நீங்களே முடிவு செய்தீர்கள். ஒரே ஒரு ஏ4 தாள்தான் என்ற அந்தக் கஞ்சத்தனம் உங்களுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. பத்துத் தாள் அனுமதித்திருந்தால் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொண்டுபோய், பரீட்சை முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

நாலாம்_வருஷம் சொன்ன கணிப்பு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் ஒரு வரி சேர்க்கிறேன், இந்த வாரமே செய்யுங்கள், அடுத்த வாரம் முடியாது. ஒவ்வொரு தாளிலும் நினைவில் இருக்கும் கேள்விகளை எழுதி, எந்தக் கேள்வியில் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று குறியுங்கள். தாள் திரும்ப வராது என்று வருத்தப்பட்டீர்கள். நகல் உங்கள் தலையில் இருக்கிறது, ஆனால் வேகமாக அழிந்துகொண்டிருக்கிறது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1885-இலேயே தன்னைத் தானே சோதித்து எழுதிவைத்தது: மறதி முதல் சில மணி நேரத்திலேயே பெரிய பங்கைத் தின்றுவிடும், மிச்சத்தை மெதுவாக. நீங்கள் ஏற்கனவே மூன்று நாள் தூங்கிவிட்டீர்கள்.

தஞ்சை_ஜூரோங் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எழுதிய நாலு பக்கத்தில் கணக்கு எங்கேயாவது இருந்ததா? அவர் தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார், தாளைப் பற்றி இல்லை.

சரி, கட்டு கூப்பிடுகிறது.

தஞ்சை_ஜூரோங்

அண்ணே, சரியான இடத்தில் குத்திவிட்டீர்கள். ஒரு வரி கணக்கு இல்லை.

மாலைநேர_மாணவி

தம்பி தங்கைகள் பேசுவதைப் பார்த்துவிட்டு நுழையலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. பகலில் அலுவலகம், இரவில் படிப்பு என்று தமிழ்ப் பட்டப்படிப்பு முடித்தவள் நான். சேர்ந்தபோது யூனிசிம், முடிப்பதற்குள் 2017-இல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. கிளமெண்டி சாலையில் பேருந்தை விட்டு இறங்கும்போது மணி ஏழாகப் போகும், பையில் காலையில் கட்டிய சோறு, மதியம் சாப்பிட நேரமில்லாமல் அப்படியே இருக்கும்.

முதல் இலக்கணப் பரீட்சை. குற்றியலுகரம் எத்தனை வகை, எடுத்துக்காட்டோடு எழுது என்று கேள்வி. ஆறு வகை. மடமடவென்று எழுதினேன். நெடில்தொடர், காடு. உயிர்த்தொடர், அழகு. வன்தொடர், பாட்டு. மென்தொடர், பந்து. இடைத்தொடர், மார்பு. ஐந்து. ஆறாவது வரவே இல்லை. பேனாவை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தேன், பக்கத்திலிருந்தவரின் காலணியைப் பார்த்தேன், என் சின்ன மகளுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்பதும் நினைவுக்கு வந்தது, ஆறாவது வகை மட்டும் வரவில்லை. தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன், எதிரே கட்டுமானத் தளத்தில் இரும்புக் கம்பிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எஃகு! ஆய்தத்தொடர். வாய்விட்டே சொல்லிவிட்டேன், பக்கத்தில் நின்ற சீன அம்மா ஒரு அடி தள்ளி நின்றார்.

அந்தத் தாளுக்கு என்ன எழுத்து வாங்கினேன் என்று இப்போது சத்தியமாக நினைவில்லை. பி-யாக இருக்கலாம். ஆனால் எஃகு மறக்கவில்லை. சரியாக எழுதிய ஐந்தையும் இப்போது எழுதுவதற்கு முன் ஒரு தடவை விரல்விட்டு எண்ணித்தான் எழுதினேன், தவறவிட்ட ஒன்றுக்கு விரல் தேவைப்படவில்லை. உங்கள் பஃபரும் அப்படித்தான் ஆகும் பாருங்கள் தங்கச்சி, இனிமேல் அமிலத்தை மேலே போடவே மாட்டீர்கள்.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் வீட்டுக்கு வரும் வழியிலேயே, பேருந்தில் உட்கார்ந்து, வராதது எது என்று மட்டும் எழுதுவேன். வந்ததை எழுத மாட்டேன். பேருந்து குலுங்கும், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், எனக்கே சில இடம் புரியாது. நீங்கள் 130 மணி நேரம் ரயிலில் போனதாகச் சொன்னீர்கள், எனக்குக் கிடைத்த ஒரே தனி நேரம் அந்தப் பேருந்துதான். வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் நான் மாணவி இல்லை.

அப்புறம் அம்மா கேட்பதற்கு வேறு பதில் சொல்லுங்கள். என் மகள் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், அவளும் "பரவாயில்லம்மா" என்றுதான் சொல்கிறாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் சமையலறையில் நின்று என்னென்னவோ கற்பனை செய்வோம். "வேதியியலில் ஒரு கணக்கைத் தலைகீழாகப் போட்டுட்டேம்மா" என்று சொன்னால் எங்களுக்குக் கணக்கு புரியாது, ஆனால் நிம்மதியாக இருக்கும்.

உட்லண்ட்ஸ்_வாசி

எல்லாருக்கும் நன்றி. முடிவு வந்துவிட்டது, சொல்லாமல் போனால் நன்றாயிருக்காது.

அன்றைக்கு இரவே ஒரு பக்கம் எழுதினேன் (ஒரு பக்கம்தான் தஞ்சை அண்ணா, கிழிக்கத் தேவைப்படவில்லை). புள்ளியியலில் நின்ற இடம் எட்டு, வேதியியலில் மூன்று, நிரலாக்கத்தில் ஒன்று. கல்குலஸில் ஒன்றுமில்லை. அப்போது அதைப் பார்த்து ஆஹா என்று சந்தோஷப்பட்டு, கணிப்பு ஏ என்று போட்டேன்.

வந்தது பி. எங்கே போனது என்றே தெரியவில்லை. எழுதி வைத்ததில் ஒரு இடமும் இல்லையே. அதுதான் இந்த மூன்று நாளாக யோசிக்கிறேன், நின்ற இடம் தெரிந்த பாடத்தைவிட எதுவுமே தெரியாத பாடம்தான் இப்போது பயமாக இருக்கிறது. வேதியியல் சி வரும் என்று எழுதியிருந்தேன், பி பிளஸ். புள்ளியியல் கணிப்பு சி பிளஸ், வந்ததும் சி பிளஸ். நிரலாக்கம் ஏ மைனஸ், கட்டுரை பி பிளஸ்.

ஐந்தையும் சேர்த்தால் 3.7, புள்ளியியலை எஸ் போட்டால் 4.0. போட்டுவிட்டேன். நாலாம்_வருஷம் அண்ணா திட்டுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது இரண்டாம் வருடத்தில் திரும்ப வரும் என்று தெரியும், அட்டவணையில் பார்த்துவிட்டேன். ஐந்தாவது வார டியூட்டோரியலிலிருந்து போட ஆரம்பித்திருக்கிறேன், பார்க்காமல், வெற்றுத் தாளில். ஐந்தாவது வாரம் முடிந்தது, ஆறாவது வாரத்தில் சிக்கி நிற்கிறேன். அந்த ஆசிரியர் ஜனவரியில் வளாகத்தில் இருப்பாரா என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை, விடுமுறையாச்சே.

அடுத்த செமஸ்டருக்கு வகுப்புகளை மூன்று நாளுக்குள் அடக்கப் பார்க்கிறேன். கிடைத்தால் 97.5 மணி நேரம். ஆறாவது மாட்யூலில் கொஞ்சம் குறைத்த மாதிரி.

அக்கா, அம்மாவிடம் பஃபர் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ புளிக்குழம்புல புளி தூக்கலா போட்ட மாதிரியா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.